மலையைத் தூக்கியது யார்?

இமயமலை பார்வதியின் தகப்பனார் என்றும், கைலாசத்தை இராவணன் தூக்கினான் என்றும் புராணம் சொல்லுகின்றது. கேட்பவர்கள் கன்னத்தில் போட்டுக் கொள்ளுகின்றார்கள். ஆனால் அந்தத் தகப்பனாருக்கு வயது என்ன, அவர் எப்படி அவ்வளவு உயரம் வளர்ந்தார் என்று கேட்டால் மாத்திரம் கேட்டவன் நாஸ்திகனாகி விடுகின்றான்.

நாம் கேட்கத்தான் வேண்டும். எவரெஸ்டின் உச்சியில் உள்ளது சுண்ணாம்புக்கல். அதில் 40 கோடி வருஷங்களுக்கு மேற்பட்ட கடல் பிராணிகளின் மிச்சங்கள் இருக்கின்றன. அப்படியானால் கடலடியை வானமளவுக்குத் தூக்கியது யார்?

பூமியின் மேலோட்டின் அடியில் சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை மேன்டில் என்னும் சூடான பாறைப் பகுதி இருக்கின்றது. அது தண்ணீர் போன்றதல்ல, கெட்டிப் பாறைதான். ஆனால் தார்க்கட்டியைச் சுத்தியால் அடித்தால் உடைகின்றது, அப்படியே விட்டு வைத்தால் நாளடைவில் வழிகின்றது அல்லவா? அதுபோல் மேன்டிலும் லட்சக்கணக்கான வருஷங்களில் மெதுவாக ஓடுகின்றது. சூடான பாகம் மேலே வரும். குளிர்ந்து கனத்த பாகம் கீழே இறங்கும்.

இந்திய நிலத்துக்கும் ஆசியாவுக்கும் நடுவே முன்பு டெத்திஸ் என்னும் கடல் இருந்தது. அதன் தரை குளிர்ந்து கனத்து மேன்டிலுக்குள் மூழ்கிற்று. நனைந்த வேட்டியின் ஒரு முனை கிணற்றுக்குள் தொங்கினால் மீதியும் இழுபடுவது போல, இந்திய நிலமும் வடக்கே இழுபட்டுச் சென்று, சுமார் 5 கோடி வருஷங்களுக்கு முன் ஆசியாவின் மேல் மோதிற்று. அந்த மோதலில் மடிந்து தடித்து எழுந்ததே இமயம்.

மலை எழுந்தது மாத்திரமல்ல, பக்கத்து நிலம் தாழ்ந்தும் போயிற்று. கயிற்றுக் கட்டிலில் பருத்த ஆள் ஒருவன் உட்கார்ந்தால் அவனுக்குப் பக்கத்திலும் கயிறு தாழுகின்றது. அப்படியே மலையின் பாரத்தால் இந்திய ஓடு வளைந்து பள்ளமாயிற்று. அப்பள்ளத்தில் ஆறுகள் கொட்டிய வண்டலே இன்றையக் கங்கைச் சமவெளி.

இதெல்லாம் ஊகமா என்றால், அல்ல. நிலம் அளந்தவர்களின் தூக்குக்குண்டு இமயத்தின் பக்கம் கொஞ்சம் சாய வேண்டும். எவ்வளவு என்று கல்கத்தாப் பாதிரியார் பிராட் கணக்கிட்டார். உண்மையில் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சாய்ந்திருந்தது. பாதிரியார் வேதத்தைப் புரட்டவில்லை. அந்த வித்தியாசத்தை உலகத்தாரிடம் சொன்னார். மலைக்கு அடியில் லேசான வேர் ஒன்று ஆழத்தில் இறங்கி அதைத் தாங்குகின்றது என்று ஏரி என்னும் வானசாஸ்திரி 1855-ல் விளக்கினார்.

நிற்க, இதனால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். 1934 ஜனவரி 15-ந் தேதி பீகாரிலும் நேபாளத்திலும் பூமி அதிர்ந்து பதினாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். அது தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்று காந்தியார் அதே மாதம் 24-ந் தேதி நமது திருநெல்வேலியில் பேசினார். தாகூர் அதை மறுத்தார். தீண்டாமை ஒழிய வேண்டுமென்பதில் நமக்கு யாரைவிடவும் குறைந்த ஆத்திரமில்லை. ஆனால் தீண்டாதவனென்று ஒதுக்கப்பட்டவனும் அதே இடிபாட்டில்தானே செத்தான்? கோயிலைத் திறந்துவிட்டதற்குத்தான் தண்டனை என்று சனாதனி சொன்னால் அதற்கு என்ன பதில்? நல்ல காரியத்துக்கும் பொய்க் காரணம் உதவாது.

உண்மைக் காரணம் இதுதான்: இந்திய நிலம் இன்றும் வருஷத்துக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் இமயத்தின் அடியில் புகப் பார்க்கின்றது. வழுக்க வேண்டிய இடம் பிடித்துக் கொள்ளுகின்றது. பல காலம் சேர்ந்த முறுக்கு ஒரே நிமிஷத்தில் விடுபடுகின்றது. 2015 ஏப்ரல் 25-ந் தேதி நேபாளத்தில் அப்படியே நடந்து, ஏறக்குறைய 9,000 பேர் மாண்டார்கள். அன்று சில விநாடிகளில் காட்மண்டு பூமி சுமார் ஒரு மீட்டர் உயர்ந்தது. அதைத் தூக்கியது எந்த இராவணன்?

பூகம்பம் இனியும் வரும். தண்டனை என்று நம்புகின்றவன் பரிகாரத்துக்குப் புரோகிதனைத் தேடுவான். காரணம் அறிந்தவன் உறுதியான வீட்டுக்குக் கொத்தனைத் தேடுவான். ஆட்டம் வரும்போது யார் பிள்ளைகள் பிழைக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள்.