போனைப் பிசாசாக்கும் வீதி நாடகங்களுக்கு ஒரு கிளான்காரியின் பதில்

கறுப்புத் துணியைச் சுத்திக்கிட்டு ஒருத்தர் வருவார். அவர்தான் போன். பள்ளிக்கூடச் சட்டையோட இன்னொருத்தர் உட்கார்ந்திருப்பார். அவர்தான் தோட்டத்துப் பையன். கறுப்புத் துணி அவரைச் சுத்திச் சுத்தி ஆடி, கடைசியில கழுத்தை நெரிக்கும். அம்மா கொழுந்துக் கூடையைப் போட்டுட்டு ஓடி வந்து அழுவாங்க. பறை நிற்கும். அப்புறம் ஒருத்தர் மைக்கைப் பிடிச்சு, "கேம் விளையாடி நம்ம சமூகம் அழியுது" என்று பேசுவார்.

இந்த நாடகத்தைப் போடுறது பெரும்பாலும் நம்மள மாதிரிப் பல்கலைக்கழகப் பிள்ளைகள்தான். எனக்கும் ஒரு வேஷம் தர வந்தாங்க. அழுகிற அம்மா வேஷம். மாட்டேன்னு சொன்னேன். ஏன்னு கேட்டாங்க. நின்ன இடத்துல சொல்லி முடிக்கிற பதில் இல்ல என்பதால இங்கே எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயம். எங்க லயத்துக்குப் போனைக் கொண்டு வந்தது கேம் இல்ல, பள்ளிக்கூடம். 2020 மார்ச்சில கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடினாங்க. பாடம் வாட்ஸ்அப்புக்குப் போச்சு, பிறகு ஸூமுக்குப் போச்சு. "பிள்ளைக்கு ஸ்மார்ட் போன் எடுத்துக் குடுங்க" என்று பெற்றோர்களுக்குச் சொன்னது யார்? அப்போ தோட்டத்துச் சம்பளம் நாளைக்கு 1,000 ரூபாய்கூட இல்ல. அந்த ஆயிரமே 2021 மார்ச்சில வர்த்தமானியில வந்த பிறகுதான். தோட்டை அடகு வச்சு, தீபாவளி அட்வான்ஸைப் போட்டு, ஒரு வீட்டுக்கு ஒரு போன் வந்துச்சு. அதுலயும் சிக்னல் பிடிக்க மலை உச்சிக்கு ஏறணும். பாடம் பாதியில நின்னுடும். கேம் நிற்காது. ஏன்னா கேமைச் செஞ்சவன் மட்டமான போன்லயும் ஓடணும், கொஞ்ச டேட்டாவுலயும் ஓடணும்னு யோசிச்சுச் செஞ்சான். நம்ம கல்வியைச் செஞ்சவங்க அப்படி யோசிக்கல்ல. கோபம் யார் மேல வரணும்?

நான் தெரணியகலைப் பக்கம் ஒரு இறப்பர்த் தோட்டத்தில பிறந்தவள். (மலையகம்னா நுவரெலியாவும் ஹட்டனும் மட்டும்தான்னு நினைக்கிறவங்க, கேகாலையும் இரத்தினபுரியும் எங்கே இருக்குன்னு ஒருதரம் வரைபடத்தைப் பாருங்க.) புறக்கோட்டையில கடையில நின்ன மாமா ஒரு தீபாவளிக்கு டிவி கேம் வாங்கிட்டு வந்தார். கேசட்டுல 99,999 கேம் இருக்குன்னு போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தா பத்துக்கு மேல தேறாது, அதே மரியோவும் கொன்ட்ராவும் வேற வேற பேர்ல திரும்பத் திரும்ப வரும். ஆனா எங்க காம்பராவுல அன்னிக்கு முழு லயத்துப் பிள்ளைகளும் இருந்துச்சுங்க. ஒரு உயிர் போனா அடுத்த ஆளுக்குக் குடுக்கணும், அதுதான் சட்டம். கொன்ட்ராவுல 30 உயிர் கிடைக்கிற கோட் எனக்கு ஏழாம் வாய்ப்பாட்டுக்கு முன்னாடியே பாடம். மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. பிறகு அப்பாவோட நோக்கியாவுல பாம்பு. டவுனில நெட் கஃபே வந்துச்சு, வைஸ் சிட்டி வந்துச்சு. அங்கே பொம்பளப் பிள்ளைக்கு இடம் இல்ல. அண்ணன் போயிட்டு வந்து கதை சொல்லுவான், நான் கேட்டுக்கிட்டு இருப்பேன். ஒரு கேமைக் காதால விளையாடினவள் நான்.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, "கேமுக்கு அடிமை" என்று போற போக்குல சொல்றவங்களுக்கு நாங்க ஏன் விளையாடினோம்ங்கிறது தெரியாது. சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க தோட்டத்தில பிள்ளைகளுக்கு என்ன இருக்கு? மட்டமா இருக்கிற நிலத்துல ஸ்டோரும் துரை பங்களாவும் நிற்குது. வாசிகசாலைன்னு போர்டு இருக்கு, பூட்டும் இருக்கு. திறந்தே இருக்கிறது தவறணை ஒண்ணுதான். அதுக்கு லைசென்ஸ் குடுக்கிறது அரசாங்கம். தவறணையைக் கறுப்புத் துணியா ஆடவிடுற நாடகத்தை முதல்ல போடுங்க, நான் அம்மா வேஷத்துக்கு வர்றேன்.

இப்போ கிளானுக்கு வர்றேன்.

நான் ஆடுறது கிளாஷ் ஆஃப் கிளான்ஸ். 2012-ல வந்தது, நம்ம பசங்க பாஷையில கிழட்டு கேம். ஃப்ரீ ஃபயர் மாதிரி ஓட்டமும் சூடும் இல்ல. ஊரைக் கட்டணும், படை சேர்க்கணும், காத்திருக்கணும். ஒரு கிளானுக்கு 50 பேர். உனக்குப் படை வேணும்னு கேட்டா, கிளான்ல இருக்கிற யாரோ ஒருத்தர் அனுப்பி வைப்பார். வாங்கிட்டே இருந்து குடுக்காம இருக்கிறவன் யாருன்னு எல்லாருக்கும் தெரியும், எண்ணிக்கை அங்கேயே கிடக்கும். சண்டைன்னா ஒரு நாள் ஆயத்தம், அடுத்த நாள் அடி. ஆளுக்கு ரெண்டு அடிதான். 24 மணி நேரத்துக்குள்ள எப்போ வேணும்னாலும் அடிக்கலாம். பால் வெட்டிட்டு வந்து அடிக்கலாம், ரெண்டு பேர் ஒரு போனைப் பகிர்ந்துக்கிட்டும் அடிக்கலாம்.

எங்க கிளான் லீடர் எட்டியாந்தோட்டைப் பக்கத்து அக்கா ஒருத்தர். கட்டுநாயக்காவில ஆடைத் தொழிற்சாலை வேலை. நைட் ஷிப்ட் முடிச்சு போர்டிங்குக்கு வந்து, யார் யாரை அடிக்கணும்னு பிரட்டுக் களத்துல பேர் போடுற மாதிரிப் பிரிச்சுக் குடுப்பாங்க. ஆனா கங்காணி குரல் கிடையாது. 2022-ல கரண்ட் வெட்டு 13 மணி நேரம் வரைக்கும் போன நாட்கள் ஞாபகம் இருக்குமே? ஏ, பி, சி என்று குரூப் பிரிச்சு நேரம் போட்டாங்க இல்லையா, எங்க அக்கா அந்த அட்டவணையை வச்சு யாருக்கு எப்போ போன்ல சார்ஜ் இருக்கும்னு கணக்குப் போட்டுச் சண்டையை நடத்தினாங்க. அந்த மாசம் நாங்க தோத்தது ஒரே ஒரு சண்டை.

அந்தக் கிளானுக்குத்தான் சுள்ளியாவிலிருந்து ஒரு தம்பி வந்தான். சுள்ளியா கர்நாடகாவில இருக்கு. ஃப்ரீ ஃபயரை இந்தியா 2022 பெப்ரவரியில தடை செஞ்சதும் விளையாட இடம் தேடி வந்தவன். "நீங்க சிலோனா? அப்போ தெனாலி மாதிரிப் பேசுங்க" என்று கேட்பான்னு எதிர்பார்த்தேன். தமிழ்நாட்டுப் பசங்க எல்லாரும் அதைத்தான் கேட்பாங்க. இலங்கையில எங்களை மாதிரிப் பேசுற தமிழரும் இருக்காங்கன்னு அவங்களுக்குத் தெரியாது. அவன் கேட்கல்ல. "எங்க பாட்டியும் இப்படித்தான் பேசும்" என்றான். விசாரிச்சா, அவன் அப்பாவும் பால் வெட்டுறவர். எங்க அப்பா மாதிரியே விடிய முன்னாடி எழும்பி, மழை வந்தா அன்னிக்கு மரத்தைத் தொடாம உட்கார்ந்திருக்கிறவர்.

1964 ஒக்டோபரில சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டாங்க. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கலாம். தேங்காய் பிரிக்கிற மாதிரி. போனவங்களில ஒரு பகுதியினரைச் சுள்ளியா, புத்தூர்ப் பக்கத்து அரசாங்க இறப்பர்த் தோட்டங்களில குடியமர்த்தினாங்க. இதை நான் வரலாற்றுப் பாடத்துல படிச்சு, எழுதி, மார்க்கும் வாங்கிட்டேன். ஆனா அந்த அஞ்சு இலட்சத்துல ஒரு குடும்பம் இப்போ எப்படி இருக்குன்னு எந்தப் பாடமும் எனக்குச் சொல்லல்ல. ஒரு கார்ட்டூன் படைக்கு நடுவுல, ராத்திரி பதினொரு மணிக்கு, ஒரு பத்தொன்பது வயசுப் பையன் சொன்னான். அவன் பாட்டிக்குத் தோட்டத்துப் பேர் மறந்துபோச்சாம், கோயில் மட்டும் ஞாபகமாம். என் அம்மாயிக்கிட்ட அந்தக் கோயிலோட அடையாளத்தைச் சொன்னேன். அவங்க நாலு தோட்டத்துப் பேர் சொன்னாங்க. இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்கோம்.

அந்தத் தம்பிக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது, படிச்சது கன்னடம். எங்க கிளான்ல இறக்குவானை, காவத்தைப் பக்கத்துப் பையன்கள் நாலு பேருக்கும் தெரியாது, அவங்க படிச்சது சிங்களம். சப்ரகமுவவில இது புதினம் இல்ல. தமிழ்ப் பள்ளிக்கூடம் தூரம், உயர்தரம் அதைவிடத் தூரம், பக்கத்துல இருக்கிறது சிங்களப் பள்ளிக்கூடம். அந்தப் பிள்ளைகள் தமிழில ஏதாவது எழுதுற ஒரே இடம் எங்க கிளான் சாட்தான். இங்கிலீஷ் எழுத்துல எழுதுறாங்க, பிழையா எழுதுறாங்க, சரி. "கேமால தமிழ் அழியுது" என்று மேடையில பேசுற ஐயாமார் இந்த நாலு பேருக்கும் இதுவரைக்கும் ஒரு வகுப்பு வச்சிருக்காங்களா? லீடர் அக்கா வச்சாங்க. சண்டை இல்லாத நாட்களில வாய்ஸ் நோட் போட்டு, ஒரு படத்துல அ, ஆ எழுதி அனுப்பி. ரெண்டு பேர் இப்போ தமிழ்லயே டைப் பண்றாங்க. ஒருத்தன் பாதியில விட்டுட்டான். இன்னொருத்தன் 'ழ' வந்தா இமோஜி போடுறான்.

எல்லாக் கிளானும் இப்படியா என்று கேட்பீங்க. இல்ல. நாறிப்போன இடங்களும் இருக்கு. கொழும்பு, யாழ்ப்பாணம் என்று பெருமையா ஊர் சொல்ற தமிழ் குரூப்புகளில என்னைத் "தோட்டக்காட்டான்" என்று கூப்பிட்டிருக்காங்க. மைக்கைத் திறந்து பொம்பளக் குரல்னு தெரிஞ்சதும் அது இன்னும் மோசமாகும். தமிழ்நாட்டில 2021 ஜூனில ஒரு யூடியூபரைத் தருமபுரியில கைது செஞ்சாங்க; பப்ஜி லைவ்ல பெண்களை ஆபாசமா பேசிப் பேசியே லட்சக்கணக்கில ஆட்களைச் சேர்த்த ஆள். அவரைக் கேட்டுச் சிரிச்ச பசங்களில எங்க தோட்டத்துப் பசங்களும் இருந்தாங்க. ஆனா பாருங்க, அந்தப் பேச்சு கேம்ல பிறந்ததா? பஸ் ஸ்டாண்டுல, ராகிங்ல, ஏன், நம்ம நாடகக் குழுவோட வாட்ஸ்அப் குரூப்ல இல்லாத பேச்சா? என் கிளான்ல அந்த மாதிரிப் பேசினா அஞ்சு நிமிஷத்துல வெளியே போடலாம். கேம்பஸ்ல போட முடியுமா?

காசு விஷயத்துல மட்டும் நான் நாடகக்காரங்க பக்கம். இந்த கேமைச் செய்ற பின்லாந்துக் கம்பெனியோட பெரும்பங்கை 2016-ல டென்சென்ட் தலைமையிலான கூட்டம் 860 கோடி டாலருக்கு வாங்குச்சு. அவ்வளவு காசைச் சும்மா போடல்ல. காத்திருக்க முடியாதவன்கிட்ட பிடுங்கத்தான் அந்தக் காத்திருப்பையே வச்சிருக்காங்க. அம்மாவோட சம்பளக் காசை எடுத்து டயமண்ட் போட்ட பையன்களை எனக்கும் தெரியும். நிஜமாவே நோயாளியாகிறவங்களும் இருக்காங்க. உலக சுகாதார நிறுவனம் 2019-ல கேமிங் நோயைப் பட்டியல்ல சேர்த்தது. ஆனா அதுக்கு அவங்க சொன்ன அடையாளங்களைப் படிங்க: கட்டுப்பாடு போகணும், மத்த எல்லாத்தையும்விட அதுவே பெரிசாகணும், கெடுதல் தெரிஞ்சும் விட முடியாம இருக்கணும், பொதுவா 12 மாசமாவது அப்படியே நீடிக்கணும். பாடம் முடிஞ்சு ரெண்டு அடி அடிக்கிற பிள்ளைக்கும் அதே கறுப்புத் துணியைப் போர்த்துறது மருத்துவமும் இல்ல, சமூக சேவையும் இல்ல.

ஆகவே நாடகக் குழுவுக்கு: அடுத்ததா எங்க தோட்டத்துக்கு வரும்போது பறையோட ஒரு கோரிக்கைக் கடிதமும் கொண்டு வாங்க. வாசிகசாலைச் சாவி யார்கிட்ட இருக்குன்னு தெரியும், சேர்ந்து போய்க் கேட்போம்.

விளையாடுறவங்களுக்கு: கிளான்ல இப்போ 43 பேர், ஏழு இடம் காலி. டவுன் ஹோல் எந்த லெவலா இருந்தாலும் பரவாயில்ல. கேட்கிற அளவுக்குக் குடுக்கணும். ஊர் கேட்கலாம், சாதி கேட்கக் கூடாது. பொம்பளப் பிள்ளைகிட்ட நம்பர் கேட்டா அன்னிக்கே வெளியே. சுள்ளியா தம்பி இப்போ கோ-லீடர், சேர்த்துக்கிறது அவன்தான். தமிழில மெசேஜ் போட்டா வாசிக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும், அவசரப்படுத்தாதீங்க.