‘ரமலானில் விட முடிகிறதே!’

ஷஅபான் மாதக் கடைசியில் புட்டியை மூடி வைத்து, ஷவ்வால் பிறை தென்பட்ட இரவிலேயே அதைத் திறப்போர் நம்மிடையே உண்டு. இதை எழுத நம் கை கூசத்தான் செய்கிறது. ஆயினும் கூசிக் கூசி மறைத்ததன் பலனை எத்தனை குடும்பங்களில் கண்டுவிட்டோம்!

“நண்பர்களின் விருந்தில் அருந்துவதோடு சரி, நான் குடிக்கு அடிமையல்லன். அடிமையாயின் ரமலான் முழுதும் விட முடியுமா?” என்பது இவர்கள் வாதம். வீட்டாரும் இதைக் கேட்டு ஆறுதல் கொள்கின்றனர். பெருநாள் இரவுக்காக நாளெண்ணிக் கொண்டிருப்பவன் விட்டவனல்லன்; காத்திருப்பவன். ஒரு மாத இடைவெளி நோயில்லை என்பதற்குச் சான்றாகாது.

“எவ்வளவு அருந்தினாலும் நிதானம் தவறமாட்டார்” என்று சிலர் பெருமைபோலவே சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தோ! அதுவே அஞ்சத்தக்க அடையாளம். முன்பு இரண்டு குவளை தந்த மயக்கத்திற்கு இன்று நான்கு தேவைப்படுகிறதென்றால், உடல் அந்த நஞ்சுக்குப் பழகிவிட்டது என்பதே பொருள்.

ஜான் யூவிங் என்ற அமெரிக்க மருத்துவர் 1984-ல் நான்கு கேள்விகளை வெளியிட்டார். குடியைக் குறைக்க வேண்டுமென்று எண்ணியதுண்டா? பிறர் அதைக் குறை கூறியபோது எரிச்சல் வந்ததுண்டா? குற்ற உணர்வு உறுத்தியதுண்டா? காலையில் எழுந்ததும் நடுக்கம் தீரக் குடித்ததுண்டா? இவற்றுள் இரண்டிற்கு ‘ஆம்’ என்றால், நோய் உண்டெனக் கருதி ஆராய வேண்டும் என்பர். மூன்றாவது கேள்விக்கு முஸ்லிம் ஒருவன் முதல் மிடற்றிலேயே ‘ஆம்’ என்றாக வேண்டும். ஆகவே நம் வீடுகளில் மற்ற மூன்றையுமே கூர்ந்து நோக்குதல் தகும். அந்த மூன்றாவதற்கும் ஒருவன் ‘இல்லை’ என்பானாகில், அவனைப் பற்றி நாம் இன்னும் அதிகமாகவே கவலைப்பட வேண்டும்.

‘கம்ர்’ என்னும் அரபுச் சொல்லின் வேருக்கு மூடுதல் என்று பொருள். பெண்கள் தலையை மறைக்கும் ‘கிமார்’ என்பதும் அவ்வேரில் பிறந்ததே. அறிவை மூடுவதே கம்ர் என்று உமர் (ரலி) அவர்கள் விளக்கினார்கள். அவன் அறிவை மது மூடுகிறது. அவன் மதுவையோ குடும்பம் மூடுகிறது. மகளுக்குச் சம்பந்தம் பேச வருவோர் அறிந்துவிடக் கூடாதே என்று தாய் மறைக்கிறாள். கடைக்கு வராத நாளில் ‘அண்ணனுக்குக் காய்ச்சல்’ என்று தம்பி பொய் சொல்கிறான். மார்க்கம் ஹராம் என்றது நம்மைக் காப்பதற்கே. அதையே திரையாக்கி, ‘நம் வீட்டில் அப்படியொன்றும் இல்லை’ என்கிறோம்.

“தவ்பா செய்தால் போதும், வைத்தியர் எதற்கு?” என்பாருக்கும் ஒரு சொல். தவ்பா பாவத்திற்கு, நடுங்கும் நரம்புக்கு மருந்து வேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்து வந்தவன் திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும், இரண்டு நாளுக்குள் வலிப்பும், பின்னர் சித்தப் பிரமையும் தோன்றலாம். உயிரே போவதும் உண்டு. முதல் நோன்பன்று கை நடுங்குவதைப் பசிக் களைப்பு என்று எண்ணி அறைக்குள் படுக்க வைப்பது பேதைமை. நிறுத்த எண்ணுபவனை ரஜபிலேயே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எவ்வளவு குடித்தான் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள்.