உதிர்ந்தது முடி மட்டும்தானா?

“முடிதானே! உதிர்ந்தால் முளைக்கும்” என்று நம்மில் பலர் அலட்சியமாகச் சொல்வதுண்டு. நானும் அப்படிச் சொன்னவன்தான். அதற்கு நான் கொடுத்த விலை ஓர் உயிர்.

என் ஊர் ஜவ்வாது மலைமீதுள்ள ஜமுனாமரத்தூர். தங்கை ஆசைப்பட்டாள் என்று சென்ற ஆண்டு அடிவாரத்து நகரிலிருந்து இரண்டு கினிப்பன்றிகளை வாங்கி வந்தேன். பெயரில்தான் பன்றி, உண்மையில் எலி, அணில் போலக் கொறிக்கும் இனம். தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாடு. மலைப் பிராணிக்கு எங்கள் மலை ஒத்துக்கொள்ளாமலா போகும் என்று எண்ணினேன். கடைக்காரர் கொடுத்த தீவனம் தீர்ந்ததும் சோறும் சாமைத் தவிடும் போட்டோம். தழை போட்டால் கழியும் என்று யாரோ சொன்னதை வேதவாக்காகக் கொண்டோம்.

மழைக்காலத்தில் இரண்டுக்கும் முடி உதிரத் தொடங்கியது. ஆட்டுக்கு வரும் சொறிதான் இது என்று ஆயா வேப்பெண்ணெய் தடவினார். அண்டை வீட்டுப் பெரியவர் மண்ணெண்ணெய் என்றார். நல்ல வேளை, அதைச் செய்யவில்லை. ஒன்று நடக்க மறுத்து மூலையில் சுருண்டது. காலைத் தொட்டால் கத்தியது. மூன்றாம் நாள் இறந்தது. மற்றதைக் கூடையில் வைத்துப் பேருந்தில் கொண்டுபோய்க் கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். தோலைச் சுரண்டி நுண்நோக்கியில் பார்த்தார். சிற்றுண்ணி இருந்தது, ஊசி போட்டார். ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி வேறு: “பச்சையாக என்ன தின்கிறது?”

நண்பர்களே, மனிதனைப் போலவே கினிப்பன்றியும் வைட்டமின் சி-யைத் தன் உடலில் உண்டாக்கிக்கொள்ள இயலாத பிராணி. தானியம் மட்டுமே தின்ற கினிப்பன்றிகளுக்கு ஸ்கர்வி நோய் வருவதை 1907-இல் நார்வே நாட்டு அறிஞர்கள் ஹோல்ஸ்ட்டும் ஃப்ரோலிக்கும் வெளியிட்டார்கள். மூட்டு வீங்கும், ஈறு கசியும், முடி முரடாகி உதிரும். இதைத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான்! அதே சோதனையை என் வீட்டுக் கூட்டில் நடத்தியிருக்கிறேன். அதுவும் எங்கே? நெல்லிக்காயைக் கூடை கூடையாகச் சந்தைக்கு அனுப்பும் மலையில்!

எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்குமுன் முடி எங்கே உதிர்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும் என்பேன். காதுக்குப் பின்னாலுள்ள வழுக்கை இயற்கையானது, மருந்து வேண்டா. சினைப் பெட்டைக்கு விலாவில் முடி குறையலாம். அரிப்பின்றி இரு விலாவிலும் சமமாக உதிர்ந்தால் சூலகத்தில் கட்டி இருக்கக்கூடும். வெறிகொண்டாற்போல் சொறிந்தால் சிற்றுண்ணியைச் சந்தேகிக்கலாம். மூக்கையும் கண்ணையும் சுற்றிச் செதில் செதிலாக உதிர்ந்தால் பூஞ்சையாகலாம். தூக்கிக் கொஞ்சும் குழந்தைக்கும் அது படர்தாமரையாக ஒட்டிக்கொள்ளும். இத்தனைக்கும் ஒரே வேப்பெண்ணெய் என்றால் நியாயமா? விற்பவர்களும் கூண்டோடு என்ன தின்னும் என்றொரு துண்டுத்தாள் தந்தால் என்ன குறைந்துவிடும்?

ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். படம் வரைந்து பாகம் குறிக்கக் கற்ற அளவுக்கு நாங்கள் ஓர் உயிரை வளர்த்துப் பார்க்கக் கற்கவில்லை. ஆயாவையும் நான் குறை கூறமாட்டேன். அவருக்கு ஆடு தெரியும்; ஆட்டுக்குச் செய்ததைச் செய்தார். எனக்கல்லவா பாடம் தெரிந்திருந்தது!

எஞ்சிய ஒன்றின் முதுகில் இப்போது புதுமுடி அரும்பியிருக்கிறது. தங்கை நாள்தோறும் புல்லும் கொத்தமல்லித் தழையும் போடுகிறாள். கொய்யா கிடைத்தால் ஒரு துண்டு. என்னோடுதான் அவள் இன்னும் சரியாகப் பேசவில்லை.