கட்டியவரை அறிந்து வீட்டை வாங்குக

வாழ்நாட் சேமிப்பு முழுவதையும் கொடுத்துப் புதுவீடு வாங்குவோர், தரையின் பளபளப்பையும் சுவரின் வர்ணத்தையுமே பெரும்பாலும் நோக்குகின்றனர். எவர் கட்டினும் புதுவீடு அழகாகவே தோன்றும். கட்டியவரின் திறமையை அறிய விரும்பின், அவர் ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீட்டுக்கு மாரிகாலத்திற் செல்லுங்கள். கூரை ஒழுகுகின்றதா, குளியலறையை அடுத்த சுவரில் ஈரம் ஊறியுள்ளதா எனப் பாருங்கள். பூச்சிலுள்ள மயிரிழை வெடிப்பு சாதாரணமானது. யன்னல் மூலையிலிருந்து சாய்வாக அகன்று செல்லும் வெடிப்போ அத்திவாரம் இறங்கியதன் அறிகுறியாகலாம். குறை சொன்னபோது அவர் திரும்பி வந்து திருத்தினாரா என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள். அவ்விடையே மெய்யான நற்சான்று. இறுதியாக, அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின்படியே புதுவீடு கட்டப்பட்டதென உள்ளூராட்சி மன்றம் வழங்கிய சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அதற்குத் தயங்குபவரிடம் முற்பணம் கொடுத்தல் தகாது.