பேய் விரட்டிய பேனா

பேய் பிடித்தது, செய்வினை வைத்தார்கள், வீட்டின்மேல் கல் விழுகிறது என்று ஓடுகிறவனுக்கு நம் நாட்டில் பல கதவுகள் திறந்திருக்கின்றன. பூசாரி வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. மந்திரவாதி வீட்டுக் கதவும் திறந்திருக்கிறது. சோதிடனோ டெலிவிஷன் மூலம் நம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டான். மனநோய் வைத்தியரின் கதவு எங்கே என்பதுதான் அநேகருக்குத் தெரியவில்லை. இதைத் தெரிவிக்க வேண்டியது பத்திரிகையின் கடமையல்லவா என்று கேட்கிறோம்.

அக்கடமையைச் செய்துகாட்டியவர் டாக்டர் ஆபிரகாம் கோவூர். 1898-ல் திருவல்லாவில் ஒரு கிறிஸ்தவப் பாதிரியாருக்கு மகனாகப் பிறந்தவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலும், பின் கொழும்பிலும் தாவர சாஸ்திரம் போதித்து, 1959-ல் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர்கள் காசி, இராமேஸ்வரம் போவது வழக்கம். இவரோ பேய் வீடுகளைத் தேடிப் போனார்.

கல் விழும் வீட்டுக்குப் போய் அங்குள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிப்பார். எறிந்தது ஆவியல்ல, மனம் நொந்து வாய்விட்டுச் சொல்ல வழியில்லாத ஒரு மனித ஜீவன் என்று கண்டுகொள்வார். அந்த ஜீவனைக் குற்றவாளியாக அல்ல, நோயாளியாக நடத்துவார். இவ்வளவோடு நின்றிருந்தால் ஒரு வீட்டுப் பேய்தான் ஓடியிருக்கும். அவரோ கண்டதைப் பத்திரிகைகளில் எழுதினார், ஊரெல்லாம் படித்தது. தெய்வீக சக்தியை மோசடிக்கு இடமில்லாமல் நிரூபிப்பவருக்கு லட்சம் ரூபாய் பந்தயமும் கட்டினார். 1978-ல் அவர் இறக்கும்வரை அதை ஜெயித்தவர் ஒருவருமில்லை. அவருடைய குறிப்பிலிருந்து 1972-ல் மலையாளத்தில் ‘புனர்ஜன்மம்’, 1973-ல் தமிழில் ‘மறுபிறவி’ என்ற சினிமாக்களும் வந்தன.

“தாவர சாஸ்திரம் படித்தவருக்கு மனோதத்துவம் எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இன்று அவ்வேலைக்கு முறையான படிப்பும் பதிவும் வேண்டுமென்றே நாமும் சொல்லுகிறோம். ஆனால் இக்கேள்வியைப் பூசாரியிடம் இவர்கள் என்றைக்காவது கேட்டதுண்டா?

நம் விருத்தாசலம் பீங்கான் ஊர். சூளையிலிருந்து வந்த சாமானைத் தட்டிப் பார்த்து, விரிசல் இல்லையென்று தெரிந்த பிறகே வாங்குகிறோம். சில ரூபாய்ச் சாமானுக்கு இவ்வளவு பரீட்சை! பெற்ற பிள்ளையின் புத்தி தடுமாறினால் மாத்திரம் எதையும் தட்டிப் பார்க்காமல் ஒப்படைத்துவிடுகிறோம். இதன் பலன் என்ன? 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றிய போது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். வைத்தியம் இருக்கும் காலத்திலேதான் இது நடந்தது. நோயாளியைச் சங்கிலியில் கட்டக்கூடாதென்று 2017-ம் வருஷத்துச் சட்டமும் சொல்லிவிட்டது. சட்டம் சங்கிலியைத்தான் தடுக்கும். மூளையிலுள்ள மூடநம்பிக்கையை அறுக்க எழுத்தும் பேச்சும் வேண்டாமா?

நிற்க, டெலிவிஷனில் ‘மனோதத்துவ நிபுணர்’ என்று பட்டம் போட்டு வருகிறவரையும் தட்டிப் பார்க்கவே சொல்லுகிறோம். 1964-ல் அமெரிக்காவில் ஒரு பத்திரிகை, ஜனாதிபதி தேர்தலில் நின்ற கோல்ட்வாட்டரின் மனநிலை எப்படி என்று மனநோய் வைத்தியர்களைக் கேட்டது. அவரைப் பரிசோதியாமலே நூற்றுக்கணக்கானோர் தீர்ப்பெழுதினார்கள். பத்திரிகை கோர்ட்டில் தோற்றது. பரிசோதியாத ஒருவரைப் பற்றி அபிப்பிராயம் சொல்லலாகாதென்று 1973-ல் அந்நாட்டு மனநோய் வைத்தியர் சங்கமே விதி செய்தது. இங்கோ, தற்கொலை செய்துகொண்டவர் வீட்டில் அழுகை ஓயுமுன்னே காரணம் சொல்ல நிபுணர் வந்துவிடுகிறார். முகம் காணாமல் பலன் சொல்லும் சோதிடனுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?

ஆதலால் பத்திரிகைக்காரர்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ராசிபலனுக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியை, படித்துப் பதிவு பெற்ற ஒரு மனோதத்துவ நிபுணருக்குக் கொடுங்கள். தூக்கமின்மை, காரணமில்லாப் பயம், காதில் குரல் கேட்பது எல்லாம் நோயென்றும், அதற்கு வைத்தியம் உண்டென்றும் அவர் எழுதட்டும். சர்க்கார் 2022-ல் தொடங்கிய 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணை அதன் கீழே அச்சடியுங்கள். பத்திரிகைக்காரர்கள் செய்யாவிட்டால், தோழர்களே, அந்த எண்ணை உங்கள் தெருச் சுவரில் நீங்களே எழுதுங்கள்!