வேற்றுலகங்களும் வேடமிட்ட பூமியும்

விஞ்ஞானப் புனைகதை என்ற பெயரைக் கேட்டதும் முகத்தைச் சுளிப்பது நமது முற்போக்கு நண்பர் சிலரிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. வயலிலும் தோட்டத்து லயத்திலும் தொழிற்சாலையிலும் மனிதர் படும் பாட்டை எழுதவேண்டிய பேனாவுக்குச் செவ்வாயிலும் சனியிலும் என்ன வேலை என்று அவர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். இவ்வகை நூல்களிற் பெரும்பாலானவை அக்கேள்வியின் முன் தலைகுனிய வேண்டியவையே. ஆயினும் ஒரு துறையில் மலிந்து கிடக்கும் குப்பையைச் சுட்டிக்காட்டி அத்துறை முழுவதையும் ஒதுக்கிவிடுதல் விமரிசனமாகாது. அந்த அளவுகோலைக் கொண்டால் நாவல் என்னும் உருவத்தையே நாம் என்றோ புதைத்திருக்க வேண்டும்.

கேட்கவேண்டிய கேள்வி வேறு. வேற்றுக் கிரகம் ஒன்றைப் படைக்கப் புகுந்த எழுத்தாளன் உண்மையிலேயே வேறொன்றைப் படைத்தானா, அன்றித் தன் ஊருக்கே சாயம் பூசி ஆகாயத்துக்கு அனுப்பிவைத்தானா?

இரண்டாவது வகைக்கு எட்கார் றைஸ் பறோஸ் தலைசிறந்த உதாரணம். 1912 இல் அமெரிக்கச் சஞ்சிகையொன்றிலே தொடராக வந்து, 1917 இல் நூலாகிய 'செவ்வாயின் இளவரசி'யின் நாயகன் ஜோன் காட்டர், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையின் முன்னாள் கப்டன். பொன் தேடி அரிசோனாவுக்குச் சென்றவன். செவ்வாயை அடைந்ததும் நான்கு கைகளையுடைய பச்சை மனிதரைத் தன் வீரத்தால் வியக்கவைக்கின்றான். செந்நிற இளவரசியை மணக்கின்றான். அவ்விளவரசி முட்டையிடும் இனத்தவள்! ஆனால் அவளுடைய காதலும் ஊடலும் மானமும் ஐரோப்பிய அரண்மனைக் கதைகளிலிருந்து இறக்குமதியானவை. பச்சை மனிதரிடம் அன்பு வற்றிப்போனமைக்கு அவர்களின் பொதுவுடைமை வாழ்வே காரணம் என்று நாயகன் பிரசங்கமும் செய்கின்றான். கைகள் நான்காகலாம், சந்திரன்கள் இரண்டாகலாம். சொத்துடைமை மாத்திரம் பிரபஞ்ச நியதி! இதனை நசிவிலக்கியம் என்று நமது நண்பர்கள் கூறுவார்களாயின் நாமும் அவர்கள் பக்கமே.

இதற்கு முன்னரே வெல்ஸ் வேறொரு வழியைக் காட்டியிருந்தார். ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்ற அவர், 1898 இல் வெளிவந்த 'உலகங்களின் போர்' நாவலின் முதல் அத்தியாயத்திலேயே, ஐரோப்பியக் குடியேறிகள் தஸ்மேனிய மக்களை அழித்தொழித்ததை நினைவூட்டுகின்றார். செவ்வாயினர் இலண்டனை நோக்கிச் செல்வது ஏகாதிபத்தியம் தன் முகத்தைத் தானே காண்பதாகும். அவர்களோடு வந்த செந்நிறக் களை நதிக்கரைகளை மூடிப் படர்கின்றது. ஈற்றில் களையையும் எசமானரையும் பற்றீரியாக்களே கொல்கின்றன. இங்கே இயற்கை திரைச்சீலையன்று. கதையின் முடிவை நிர்ணயிக்கும் சக்தி.

நாம் சற்று விரிவாகப் பேச விரும்புவது ஹால் கிளெமென்ற் என்பவரைப் பற்றி. இவர் அமெரிக்கப் பாடசாலை ஒன்றிலே விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர் என்பது நம்மவர்க்கு ஒரு கூடுதல் மகிழ்ச்சி. 1953 இல் தொடராகவும் 1954 இல் நூலாகவும் வந்த அவரது 'ஈர்ப்பின் பணி' மெஸ்க்லின் என்னும் கிரகத்தைப் பற்றியது. அது தன்னைத்தானே சுற்ற எடுப்பது ஏறத்தாழப் பதினெட்டு நிமிடங்களே. அவ்வேகத்தால் தட்டையாகிப்போன அதன் மத்திய கோட்டிலே ஈர்ப்பு பூமியினதைப் போல் 3 மடங்கு. துருவத்திலோ ஏறத்தாழ 700 மடங்கு. கடல்கள் மெதேன், காற்று ஐதரசன். இவ்வளவையும் விதித்த பின்னர் ஆசிரியர் தமக்கு எவ்விதச் சலுகையும் கோரவில்லை. துருவப் பகுதியிலே அரையடி உயரத்திலிருந்து விழும் பொருள் மணிக்குச் சுமார் 160 கிலோமீற்றர் வேகத்தில் நிலத்தை மோதும். இதனை எந்தப் பௌதிக மாணவனும் இரண்டு வரியிற் கணித்துவிடலாம். ஆகவே அங்கு வாழ்வோர் ஓரடிக்குச் சிறிது கூடிய நீளமுள்ள, மரவட்டைபோல் நிலத்தோடு ஒட்டி ஊரும் உயிர்கள். தலைக்கு மேலே கனமான எதுவும் இருப்பதை அவர்கள் சகியார். வீட்டுக்குச் சுவருண்டு, திண்ணிய கூரையில்லை. எறிதல் என்ற செயலே அவர்களின் எண்ணத்திற்கு எட்டாதது. அடிவானம் மேல்நோக்கி எழுவதுபோலத் தோன்றுவதால், தமது உலகம் ஒரு கிண்ணம் என்று நம்பி, கிண்ண வடிவிலேயே தேசப்படம் வரைகின்றனர்.

அபூர்வமான அடைமொழிகளை அடுக்கி ஆசிரியர் நம்மை மலைக்க வைக்கவில்லை. 'விசித்திரமான', 'வர்ணிக்க முடியாத' என்ற சொற்கள் எழுத்தாளனின் சோம்பலுக்குச் சாட்சிகளேயன்றி வேற்றுலகின் அடையாளங்களல்ல. ஒரு விதியை மாற்றி, அதன் விளைவுகளை இறுதிவரை பின்தொடர்ந்தமையால், ஓரங்குல உயரம் என்பதே நமக்கும் அச்சந் தருவதாகின்றது. சூழலே பிரக்ஞையை உருவாக்குகின்றது என்னும் தத்துவத்தை மேடையில் முழங்குவோர், அதனை இத்துணைத் துல்லியமாக நிகழ்த்திக் காட்டிய கதைகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கட்டும்.

குறையும் உண்டு. மெஸ்க்லின் கப்பல் தலைவன் பார்லெனனின் உடல் மரவட்டையாயினும், மூளை இலாபக் கணக்கு அறிந்த அமெரிக்க வணிகனுடையது. ஆயினும் அவன் ஒரு காரியம் செய்கின்றான். துருவத்தில் முடங்கிப்போன மனிதரின் விண்கலக் கருவிகளை மீட்கக் கூலிக்கு அமர்த்தப்பட்ட அவன், வேலை முடியுந் தறுவாயில், 'எமக்கு விஞ்ஞானத்தைக் கற்பியுங்கள். அன்றேல் கருவிகள் இல்லை' என்ற நிபந்தனையை வைக்கின்றான். பறோஸின் பச்சை மனிதருக்கு இப்படியொரு நினைப்பு வந்ததுண்டா?

கிளெமென்ற் தொடாத எல்லையைப் போலந்து எழுத்தாளர் ஸ்ரனிஸ்லாவ் லெம் தொட்டார். ககாரின் விண்ணிற் பறந்த அதே 1961 இல் வெளிவந்தது அவரது 'சொலாரிஸ்'. நமது அகத்திணை மரபிலே நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் விலங்கும் கருப்பொருள். இவை யாவும் உரிப்பொருளாகிய மனித உணர்வுக்குக் களம் அமைப்பவை. நெய்தற் கடல் தலைவியின் இரங்கலுக்காகவே இரைகின்றது. அம்மரபின் சிறப்பு அதுவே. நாம் அதிற் குறைகாண முற்படவில்லை. ஆனால் லெம்மின் சமுத்திரம் உரிப்பொருளை ஏற்க மறுக்கும் நெய்தல். சொலாரிஸ் இரு சூரியர்களைச் சுற்றும் கிரகம். நிலைபெற முடியாத தன் பாதையை அதன் சமுத்திரமே திருத்தி அமைத்துக்கொள்கின்றது. அது உயிரா, அறிவா, வெறும் இரசாயனமா? தலைமுறை தலைமுறையாக அறிஞர்கள் ஆராய்கின்றனர். அதன்மீது எழுந்து சிதையும் மாபெரும் உருவங்களுக்கு இனம்பிரித்துப் பெயரிடுகின்றனர். நூல்நிலையம் நிறைகின்றது, புரிந்தது எதுவுமில்லை. தற்கொலை செய்துகொண்ட மனைவியை ஆராய்ச்சியாளன் கெல்வினின் நினைவிலிருந்து உருவாக்கி அவன்முன் நிறுத்துகின்றது சமுத்திரம். அது பரிசா, தண்டனையா, பரிசோதனையா என்பதை அவனும் அறியான், நாமும் அறியோம்.

இதனை அறியொணாவாதம் என்று பழிப்போர் உளர். அவர்கள் நூலைச் சரியாக வாசிக்கவில்லை என்பதே நமது கருத்து. லெம் மருத்துவம் பயின்றவர். விஞ்ஞானத்தை அவர் எள்ளவில்லை. பிரபஞ்சமெங்கும் தன் முகத்தையே தேடி அலையும் மனிதச் செருக்கைத்தான் எள்ளுகின்றார். 1972 இல் தார்க்கோவ்ஸ்கி இதனைத் திரைப்படமாக்கியபோது லெம்முக்கு அது திருப்தியளிக்கவில்லை. தார்க்கோவ்ஸ்கியின் கலைத்திறனில் நமக்கு ஐயமில்லை. எனினும் கெல்வினின் தந்தையார் வீட்டில் தொடங்கி, அவ்வீட்டின் தோற்றத்திலேயே முடியும் அப்படத்தில், சமுத்திரம் மீண்டும் மனிதனின் மனச்சாட்சிக்குக் களமாகிவிடுகின்றது.

இனி நமது நண்பர்களின் கேள்விக்கு வருவோம்: இவற்றால் உழைப்பவனுக்கு என்ன பயன்? விண்வெளியை எந்த நாடும் சொந்தமாக்கலாகாது என்று 1967 ஆம் ஆண்டு உடன்படிக்கை விதித்தது. 2015 இல் அமெரிக்கா இயற்றிய சட்டமோ, சிறுகோள்களிலிருந்து தன் குடிமக்கள் அகழ்ந்தெடுக்கும் வளம் அவர்களுக்கே சொந்தம் என்கின்றது. இன்னும் எவரும் கால்வைக்காத கற்களுக்குப் பங்குதாரர்கள் தயார்! மலையைத் தேயிலையாக மாத்திரமும் காட்டை மரக்கணக்காக மாத்திரமும் பார்த்த அதே கண்கள் இப்போது ஆகாயத்தை அளக்கின்றன. இக்கண்களுக்குச் செவ்வாய் ஒருபோதும் அந்நியமன்று. காட்டர் அங்கே முன்னரே போய்வந்துவிட்டான்.

1956 முதல் 2008 இல் மறையும்வரை இந்நாட்டிலேயே வாழ்ந்த ஆதர் சி. கிளார்க்கை நாம் பெருமைக்காக மாத்திரம் நினைவுகூர்கின்றோம். அவரது 'ராமாவுடன் சந்திப்பு' 1973 இல் வந்தது. ஐம்பது கிலோமீற்றர் நீளமான வேற்றினக் கலமொன்று சூரிய மண்டலத்துள் நுழைகின்றது. மனிதர் அதனுட் புகுந்து தேடுகின்றனர், அளக்கின்றனர், சிலர் அதனைத் தகர்க்கவும் முனைகின்றனர். கலமோ சூரியனிடம் தனக்கு வேண்டியதைப் பெற்றுக்கொண்டு தன் வழியே போகின்றது. அதனைக் கட்டியவர்கள் யாவர் என்பது கடைசிப் பக்கம்வரை தெரியவில்லை. உயர்தர வகுப்பு மாணவரிடம் பறோஸையும் இந்நூலையும் ஒருங்கே கொடுத்து, இரண்டிலும் வேற்றுலகம் யாருக்காகப் படைக்கப்பட்டிருக்கின்றது என்று நண்பர்கள் கேட்டுப் பார்க்கட்டும்.