யாருக்குத் தலை சுற்றுகிறது?

வேர்ச்சுவல் றியாலிற்றி எனப்படும் மெய்நிகர் படங்களை எடுப்பவர்கள், பார்வையாளரை அகதியின் இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டோம் என்று பத்து வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள். ஜோர்தானின் ஸாத்தாரி முகாமில் வாழ்ந்த சிரியச் சிறுமி ஒருத்தியைப் பற்றிய 'கிளவுட்ஸ் ஓவர் சிட்ரா' 2015இல் டாவோஸ் மாநாட்டில் பணக்காரர்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் காட்டப்பட்டது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கிறிஸ் மில்க், அதே ஆண்டு, இந்த ஊடகத்தைப் பரிவை உண்டாக்கும் இயந்திரம் என்று மேடையில் புகழ்ந்தார்.

கோப்பை கழுவியும் வெங்காயம் வெட்டியும் பிழைக்கிற அகதிகளான எமக்கு இதுபற்றிச் சொல்ல ஒன்றிருக்கிறது.

முதலில் தொழில்நுட்பம். கருவியைத் தலையில் மாட்டியவருக்கு ஏன் குமட்டுகிறது? நகர்கிறாய் என்று கண் சொல்கிறது. கதிரையில்தான் இருக்கிறாய் என்று உட்செவியின் சமநிலை உறுப்பு சொல்கிறது. இரண்டும் முரண்பட, வயிற்றைப் பிரட்டுகிறது. ஆகவே நல்ல படமாளிகள் கமராவை ஆட்டமாட்டார்கள், அடிவானத்தைச் சரிக்கமாட்டார்கள். நகர்த்தத்தான் வேண்டுமென்றால் மெதுவாக, ஒரே வேகத்தில். முகங்களை மூக்குக்கு முன்னால் கொண்டுவரமாட்டார்கள். காட்சி மாறும்போது, பார்வையாளர் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்திலேயே அடுத்த காட்சியின் முக்கிய விடயத்தை வைப்பார்கள். எங்கே திரும்பவேண்டும் என்பதை ஓசையால் உணர்த்துவார்கள்.

இந்த அக்கறையை நாம் பரிகசிக்கவில்லை. தலை சுற்றுகிறவரால் எதையும் யோசிக்க முடியாது. மூடிய லொறிக்குள் எல்லை கடந்த எமக்கு இது நன்றாகத் தெரியும். கண்முன் இருந்த தகரம் அசையவில்லை, உடல்தான் குலுங்கியது. அதே முரண்பாடு, தலைகீழாக. எமது வாந்திக்கு எவரும் விதி எழுதவில்லை.

எமது சண்டை வேறு. உடலின் சௌகரியத்தோடு மனச்சாட்சியின் சௌகரியத்தையும் சேர்த்தே பரிமாறுகிறார்கள். சில நிமிடங்கள் முகாமில் 'நின்றவர்' கருவியைக் கழற்றிவிட்டு, புரிந்தது என்கிறார். என்ன புரிந்தது? அவரிடம் யாரும் பத்திரம் கேட்கவில்லை. அகதி வாழ்வைக் கழற்றி மேசையில் வைக்கவும் முடியாது.

2017இல் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட இனாரிற்றுவின் 'கார்னே இ அரேனா' இதை ஓரளவு உணர்ந்த படைப்பு. பார்வையாளர் குளிர் அறையில் காத்திருந்து, சப்பாத்தைக் கழற்றி, வெறுங்காலோடு மணலில் நடக்கவேண்டும். ஆனால் அங்கும் அவர் எல்லை கடப்பவர்களின் நடுவில்தான் நிறுத்தப்படுகிறார். அது அவருடைய இடமல்ல.

படமாளிகளே, பார்வையாளர் உண்மையில் இருக்கும் இடத்தில் கமராவை வையுங்கள். அகதி விசாரணை மேசையின் மறுபக்கம், அதிகாரியின் கதிரையில், அமர்ந்தவரின் கண்மட்டத்தில் வையுங்கள். எதிரே ஒருவர் தன் கதையை மூன்றாம் தடவையாகச் சொல்லட்டும். மொழிபெயர்ப்பாளர் அதைப் பாதியாகச் சுருக்கட்டும். நிராகரிப்புக் கடிதம் பார்வையாளரின் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கட்டும். அல்லது றெஸ்ரோறன்ற் மேசையில் வையுங்கள். சாப்பாடு வரும். குசினிக் கதவு திறந்து மூடும் கணத்தில் மட்டும் நாம் தெரிவோம்.

கமரா அசையத் தேவையில்லை. குமட்டாது, கழுத்தும் நோகாது. உங்கள் விதிகள் எல்லாம் காப்பாற்றப்படும். கருவியைக் கழற்றிய பிறகும் அவர் அதே கதிரையில்தான் இருப்பார். அந்தக் கடிதத்தில் யார் கையெழுத்து வைக்கிறார்கள், அவர்களுக்கு யார் வாக்களித்தார்கள் என்று யோசிக்க அவருக்கு அப்போது நேரமிருக்கும்.